நம்மட ஆக்களா? – துப்பாக்கிச் சூட்டில் இறந்தோரும் இனம் பார்க்கும் கவனமும்

கற்பிட்டிக் குடாநாட்டுக்கு ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. அந்த ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் பள்ளிவாசல்துறை இருக்கிறது. பள்ளிவாசலும் துறையும் சேர்ந்தே ஊருக்குப் பெயராகிவிட்டன. எங்கேயாவது சூடு நடந்ததாகச் செய்தி வந்தால், இந்தக் கரையின் வாடியிலும் தேநீர்க் கடையிலும் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: “நம்மட ஆக்களா?” ஆம் என்று பதில் வந்தால் தொலைபேசிகள் ஓயாது. இல்லை என்று வந்தால் பேச்சு மீன் விலைக்குத் திரும்பிவிடும்.

அந்தக் கேள்வியில் வஞ்சம் இல்லை. சொந்தக்காரருக்கு ஆபத்தோ என்ற பதற்றத்தில் எழுவது அது. ஆனால் ஒரு நாடே அப்படிக் கேட்கப் பழகிவிட்டால், இறந்தவரின் இனத்தைப் பார்த்துத்தான் செய்தியின் அளவும், விசாரணையின் வேகமும், நினைவின் ஆயுளும் தீர்மானமாகின்றன. இலங்கையில் அது எப்படி நடந்து வந்திருக்கிறது, ஏன் நடக்கிறது, மாற்ற முடியுமா என்பதை இந்தக் கரையில் நின்று பார்க்க முயல்கிறேன்.

புத்தளம், 1976

நமக்கு மிக அருகில் நடந்ததிலிருந்து தொடங்குவோம். 1976 பெப்ரவரி 2ஆம் திகதி, புத்தளத்தில் இனக் கலவரம் மூண்டிருந்த நேரத்தில், நகரின் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டார்கள். தொழும் இடத்திலேயே முஸ்லிம்கள் பிணமாக விழுந்தார்கள். ஆறு பேர் என்று சொல்வோரும் உண்டு, ஏழு பேர் என்று சொல்வோரும் உண்டு. எண்ணிக்கை ஒன்றாக நிலைபெறாமல் போனதே அந்தச் சாவுகளை நாடு எவ்வளவு கவனித்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

அன்றைய சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1971 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட அவசரகால நிலை 1977 பெப்ரவரி வரை நீடித்தது. நாட்டின் பெரிய பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸ் 1973இல் அரசின் கைக்குப் போயிருந்தது. ஆட்சியில் முஸ்லிம் பிரதிநிதிகள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் இருந்தது ஆளும் தரப்பில். சுட்டது அரசு என்னும்போது அரசில் இருப்பவர் வாய் திறப்பது எளிதல்ல. பாராளுமன்றத்தில் இதைக் கேட்டவர் தமிழரசுக் கட்சியின் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் என்பதைப் புத்தளத்திலும் கிழக்கிலும் மூத்தவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். அவர் காங்கேசன்துறைத் தொகுதி உறுப்பினர், கிறிஸ்தவர். நடுக்குவாத நோயால் அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்பது கடினமாகிவிட்ட காலம் அது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். புத்தளத்து வாக்கு ஒன்றுகூட அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆயினும் அந்தப் பெப்ரவரி 2 நாட்டின் நாட்காட்டியில் ஏறவில்லை. தமிழ்த் தேசிய அரசியலின் நினைவு நாட்களில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் இறந்தவர்கள் முஸ்லிம்கள், நடந்த இடமோ வடகிழக்குக்கு வெளியே. சிங்களப் பொதுமக்கள் நினைவில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் சுட்டது அவர்கள் தமதென்று கருதும் பொலிஸ். முஸ்லிம் அரசியலிலும் அது நெடுங்காலம் தாழ்ந்த குரலிலேயே பேசப்பட்டது, ஏனென்றால் ஆளும் கட்சிகளோடு இணங்கிப் போவதே பாதுகாப்பு என்று அந்தத் தலைமைகள் நம்பின. இரண்டு நாள் கழித்து வரும் சுதந்திர தினத்துக்குக் கொடிகள் ஏறும்போது, அந்த ஜனாஸாக்களை நினைக்கும் குரல் ஊருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அதே மாவட்டம், இன்னொரு சூடு

இதே புத்தளம் மாவட்டத்தின் தெற்கே சிலாபம். 2012 பெப்ரவரி 15ஆம் திகதி எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து வீதிக்கு வந்த மீனவர்கள் மீது சூடு நடந்தது. ஒரு மீனவர் இறந்தார், வேறு சிலர் காயமடைந்தார்கள். அன்றே கொழும்புத் தொலைக்காட்சிகளில் செய்தி வந்தது, எதிர்க்கட்சிகள் எழுந்தன, இறந்தவரின் பெயர் நாடெங்கும் தெரிந்தது.

அதற்கு முந்திய ஆண்டு கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில், ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது, பொலிஸ்மா அதிபர் பதவி விலகினார். 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்ட மக்கள் மீது இராணுவம் சுட்டு மூவர் இறந்தபோது தெற்கே அதிர்ந்தது. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருளுக்காக ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரவு முடிவதற்குள் வெளிநாட்டுத் தூதுவர்கள் கண்டித்து விசாரணை கேட்டார்கள்.

இவற்றில் எதுவும் மிகையான கவனம் என்று நான் சொல்லமாட்டேன். ஓர் உயிர் போனால் ஒரு நாடு பதறவேண்டிய சரியான அளவு இதுதான். அந்த அளவை எடுத்துக்கொண்டு வடக்கையும் கிழக்கையும் மலையகத்தையும் அளந்து பார்த்தால்தான் வித்தியாசம் புரிகிறது. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 24 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். வழக்கு இருபது ஆண்டு நடந்தது. 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில், சிங்கள ஜூரிகளின் முன், குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் அறுவரும் விடுதலையானார்கள். பதவி விலகியவர் யாருமில்லை. தெற்கின் தெருக்களில் குமாரபுரம் என்றால் எது என்று கேட்டுப் பார்த்தால் பதில் சொல்லக்கூடியவர் அரிது.

அமெரிக்கா சொல்லும் பாடம்

இந்த ஓரவஞ்சனை நமக்கு மட்டும் உரியதல்ல. இதை அதிகம் ஆராய்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. 1970 மே 4ஆம் திகதி ஒகாயோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நான்கு வெள்ளை மாணவர்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் கல்லூரிகள் மூடப்பட்டன. இறந்தவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கதறும் பெண்ணின் படம் புலிட்சர் பரிசு பெற்றது. பதினொரு நாள் கழித்து மிசிசிப்பியின் ஜாக்சன் கல்லூரியில் பொலிஸார் சுட்டதில் இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள், பன்னிருவர் காயமடைந்தார்கள். ஜனாதிபதி நியமித்த ஆணைக்குழு இரண்டையும் விசாரித்தது. பொதுமக்கள் நினைவில் நின்றதோ கென்ட் மட்டுமே. அதற்கும் இரண்டு ஆண்டு முந்தி, 1968 பெப்ரவரி 8ஆம் திகதி, தென் கரோலினாவின் ஒரேஞ்ச்பேர்க்கில் மூன்று கறுப்பின இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு விளையாட்டு அரங்கில் கறுப்பரைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்த போராட்டம் அது. அதை இன்று அறிந்தவர்கள் இன்னும் குறைவு.

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ ஏழில் ஒருவர். துப்பாக்கியால் கொல்லப்படுவோரிலோ பாதிக்கு மேற்பட்டோர் அவர்கள். 2016இல் சிகாகோவில் கொலையுண்டோர் பற்றி வந்த செய்திகளைச் சமூகவியலாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் கொல்லப்பட்டவர்களுக்குக் கிடைத்த செய்தி இடம் குறைவு. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள்: கிடைத்த அந்த இடத்திலும் அவர்கள் ஒரு தாயின் பிள்ளையாக, ஒரு தொழில் தெரிந்தவராக, ஆசைகள் உள்ள முழு மனிதராக எழுதப்படுவது குறைந்திருந்தது. ஆகவே, கவனத்தை இரண்டு வகையில் அளக்க வேண்டும். எவ்வளவு எழுதினார்கள் என்பது ஒன்று. இறந்தவரை யாராக எழுதினார்கள் என்பது மற்றொன்று.

ஒரே ஆகஸ்ட், மூன்று நாட்காட்டிகள்

1990ஆம் ஆண்டின் கிழக்கு இந்த இரண்டாவது அளவுகோலை நம் முகத்துக்கு நேரே பிடிக்கிறது. ஜூன் 11ஆம் திகதி சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் அதே கொடுமை. அதே மாதத்தில் அம்பாறை மாவட்டத்தின் திராய்க்கேணியிலும் வீரமுனையிலும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வீரமுனையில் அவர்கள் அடைக்கலம் புகுந்திருந்தது கோயிலில். செப்டெம்பர் 9ஆம் திகதி மட்டக்களப்பு நகருக்கு வடக்கே சத்துருக்கொண்டானில் 180க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

மூன்று மாதத்துக்குள் ஒரே கரையில் இத்தனை பிணங்கள். ஆனால் ஒவ்வொரு சமூகமும் தன் நாட்களை மட்டுமே எண்ணுகிறது. காத்தான்குடியின் பள்ளிச் சுவரில் சன்னத் துளைகள் இன்றும் காக்கப்படுகின்றன, ஆகஸ்ட் 3 ஷுஹதாக்கள் தினமாக அங்கே நினைக்கப்படுகிறது. சத்துருக்கொண்டானில் தமிழர்கள் விளக்கேற்றுகிறார்கள். ஜூன் 11ஐப் பொலிஸ் குடும்பங்கள் நினைக்கின்றன. காத்தான்குடியிலிருந்து சத்துருக்கொண்டானுக்கு ஒரு சைக்கிளில் போய்விடலாம். அந்தச் சின்னத் தூரத்தை நம் துக்கம் கடந்ததில்லை.

சொற்களும் இப்பிரிவினைக்கு உடந்தையாகின்றன. ஒரு பக்கம் ‘மாவீரர்’, ஒரு பக்கம் ‘ரணவிரு’, ஒரு பக்கம் ‘ஷஹீத்’. அந்தந்தச் சொல்லுக்குள் பெரிய மரியாதை இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் மாற்றார் ஊரில் சுடப்பட்ட சாதாரண விவசாயிக்கு எந்தச் சொல்லும் இல்லை. அவர் ‘பலியான பொதுமக்கள்’ என்ற கூட்டுப் பெயருக்குள் கரைந்துபோகிறார்.

எழுதியவர்களே வீழ்ந்தபோது

கவனத்தை உருவாக்குவோர் ஊடகவியலாளர்கள். அவர்கள் கொல்லப்பட்டபோதும் இதே அளவுகோல் வேலை செய்தது. சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டபோது உலகமே பேசியது. யுனெஸ்கோ தன் ஊடக சுதந்திர விருதை அவருக்கு வழங்கியது. அது முற்றிலும் நியாயம். ஆனால் போர்க்காலத்தில் கொல்லப்பட்ட ஊடகப் பணியாளர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். யாழ்ப்பாணத்தில் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி ஊரடங்கு வேளையில் வீட்டுக்குள்ளேயே சுடப்பட்ட மயில்வாகனம் நிமலராஜன், மட்டக்களப்பில் 2004 மே 31ஆம் திகதி சுடப்பட்ட ஐயாத்துரை நடேசன், 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட தர்மரத்தினம் சிவராம் ஆகியோரின் பெயர்கள் தமிழ் ஊடகத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போயின?

இவர்களில் சுப்பிரமணியம் சுகிர்தராஜனின் கதை நம் கேள்வியின் நடுவிலேயே நிற்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தாங்களே கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்ற கதை முதலில் பரப்பப்பட்டது. சுடர் ஒளி நிருபரான சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்களின் தலைகளில் சூட்டுக் காயங்களைக் காட்டின. ஜனவரி 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஜூலையில் மாணவர் கொலை வழக்கில் சந்தேக நபர்கள் பதின்மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். கவனம் சிலருக்குத் தானாகவே கிடைக்கிறது. சிலருக்கு அதைத் தேடிக்கொடுக்க இன்னொருவர் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

லசந்தவின் கொலைக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. கவனம் நீதியைத் தானே தந்துவிடாது. ஆனால் கவனமே இல்லாத இடத்தில் நீதி கேட்கும் கதவு கூடத் திறப்பதில்லை.

மிருசுவில் இதற்கு ஓர் அரிய சான்று. 2000 டிசெம்பர் 19ஆம் திகதி, தாங்கள் விட்டு இடம்பெயர்ந்திருந்த வீடுகளைப் பார்க்கப்போன எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. 2015இல் ஓர் இராணுவச் சார்ஜனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அப்போது அந்தச் சார்ஜனின் பெயர் நாடெங்கும் தலைப்பாயிற்று. அந்த எட்டுப் பேரின் பெயர்கள் எத்தனை பத்திரிகையில் முழுதாக வந்தன?

இனம்தானா காரணம்?

போரும் தூரமும்தான் காரணம், இனம் அல்ல என்று சிலர் வாதிடுவார்கள். அதில் உண்மையின் ஒரு பங்கு இருக்கிறது. போர்க்களத்துக்கு நிருபர்கள் போக முடியவில்லை. சாவு தினமும் வந்தால் மனம் மரத்துப்போகும். ஆனால் போர் முடிந்து ஐந்தாண்டு கழித்து, 2014 ஜூன் 15ஆம் திகதி, கொழும்பிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத்தில் உள்ள அளுத்கமையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, அந்த இரவில் பெரும்பாலான பிரதான ஊடகங்கள் மௌனமாக இருந்தன. மக்கள் செய்தி அறிந்தது சமூக ஊடகத்தில். அங்கே போர் இல்லை, தூரமும் இல்லை.

மொழி இன்னொரு காரணம். சிங்களப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் ஒரே நாளில் இரண்டு நாடுகளைப் பற்றி எழுதுகின்றன. நிமலராஜன் பிபிசி தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் எழுதியதோடு பிபிசியின் சிங்கள சேவைக்கும் ‘ராவய’ சிங்களப் பத்திரிகைக்கும் செய்தி தந்தவர். அத்தகைய பாலங்கள் மிகச் சிலவே இருந்தன. இருந்தவையும் உடைக்கப்பட்டன.

இனம் மீறமுடியாத விதியா? வரலாறு இல்லை என்கிறது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தமிழ்த் தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். லங்கா சமசமாஜக் கட்சி அந்தச் சாவை நாட்டின் கேள்வியாக்கியது. விசாரணை ஆணைக்குழு அமைந்தது, அதையொட்டிய தகராறு அமைச்சர்களே பதவி விலகும் நெருக்கடியாக வளர்ந்தது. 1947 ஜூன் 5ஆம் திகதி, பொது வேலைநிறுத்தத்தின்போது கொலன்னாவையில் சுடப்பட்ட எழுதுவினைஞர் கந்தசாமி ஒரு தமிழர். அவரைத் தங்கள் தியாகியாக ஏற்றவர்களில் பெரும்பாலோர் சிங்களத் தொழிலாளர்கள். தொழிற்சங்கம் இனத்தைக் கடந்து நின்ற காலத்தில் துக்கமும் கடந்தது. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த சிவனு லட்சுமணன் சுடப்பட்டபோது அந்தக் காலம் போய்விட்டிருந்தது. அவரை இன்று மலையகம் மட்டுமே நினைக்கிறது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மாறியது மனித மனமா? மனம் மாறவில்லை. சாவுகளைச் சுமந்து செல்லும் பொது அமைப்புகள்தான் சிதைந்தன.

நம்மையும் கேட்போம்

பிறரைக் குறை சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமானால் நம் கரையையும் கேட்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்கள் படகுகளில் வந்து இறங்கியது கற்பிட்டிக் கரையில். தென்னந்தோப்புகளில் ஓலைக் கொட்டில் போட்டு அவர்களை இந்த மண் தாங்கியது. அந்த வலி இங்கே உயிரோடிருக்கிறது. அதே வலி, சத்துருக்கொண்டானையும் முள்ளிவாய்க்காலையும் பற்றிப் பேசும்போது நம் வாயை எத்தனை முறை அடைத்திருக்கிறது? தமிழ்ப் பரப்பில் காத்தான்குடியைப் பற்றிப் பேசத் தயங்கியவர்களைக் கண்டிக்கிறோம். நம் தயக்கத்துக்கும் அதே பெயர்தான்.

கடலைப் பற்றியும் ஒன்று. சிலாபத்தில் சூடு நடந்த அதே 2012 பெப்ரவரி 15இல், கேரளக் கடலில் ஒரு இத்தாலியக் கப்பலின் படையினர் இரண்டு மீனவர்களைச் சுட்டார்கள். ஒருவர் கேரளத்தவர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். இத்தாலி அந்த வழக்கைச் சர்வதேச நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனது, இந்தியா அங்கேயும் வாதாடியது. 2021இல் 10 கோடி ரூபா நட்டஈட்டோடு அது முடிந்தது. 2017 மார்ச்சில் இராமேஸ்வரத்து மீனவ இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். இலங்கைக் கடற்படை தன் பொறுப்பை மறுத்தது. இராமேஸ்வரம் கொதித்தது, நம் கரையில் அவ்வளவு அசைவில்லை. இந்திய இழுவை மடிப் படகுகள் நம் வலைகளை அறுத்து, கடலடியைச் சுரண்டும் கோபம் நமக்கு நியாயமாகவே உண்டு. ஆனால் மடி மீதுள்ள கோபம், சுடப்பட்ட பையனுக்கான இரக்கத்தைத் தின்றுவிடக் கூடாது.

என்ன செய்யலாம்

வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1988இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, யார் சுட்டாலும் எழுதியது. இராணுவம், இந்தியப் படை, இயக்கங்கள் என்று பாகுபாடு பார்க்கவில்லை. காத்தான்குடியையும் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் தமிழர்களாக நின்று பதிவுசெய்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் போன பின்னும் சகாக்கள் நிறுத்தவில்லை. அமெரிக்காவிலும் பொலிஸ் சூட்டில் இறப்போரை அரசு முழுமையாக எண்ணாதபோது, 2015 முதல் பத்திரிகைகள் தாமே பெயர் பெயராக எண்ணத் தொடங்கின. எண்ணிக்கை வந்த பிறகு மறுப்பது கடினமாயிற்று.

நம்மால் முடிந்தவை பெரியவை அல்ல. எந்த இனத்தவர் சுடப்பட்டாலும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும்: பெயர் என்ன, என்ன வேலை செய்தார், சுட்டது யார், விசாரணை எந்தக் கட்டத்தில், ஓராண்டு கழிந்து என்ன ஆயிற்று. தமிழ்ப் பத்திரிகை வெலிவேரியவுக்கும், சிங்களப் பத்திரிகை குமாரபுரத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு பக்கம் தரவேண்டும், மொழிபெயர்த்துப் பரிமாறிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடங்களில் மாவட்ட வரலாறு எழுதும் ஆசிரியர்கள் 1976ஐயும் 2012ஐயும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டும். முதியவர்கள் இருக்கும்போதே, புத்தளத்தில் அன்று விழுந்தவர்களின் பெயர்களையும் வயதையும் தொழிலையும் கேட்டு எழுதிவிட வேண்டும். ஆறா ஏழா என்ற கேள்வி அடுத்த தலைமுறைக்கு மிஞ்சக் கூடாது.

இந்தக் கரையில் தலவில புனித அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது, சிங்களவரும் தமிழரும் ஒன்றாகக் கூடும் இடம் அது. உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. ஊர்தோறும் பள்ளிவாசல் இருக்கிறது. அடுத்த பெப்ரவரி 2ஆம் திகதி புத்தளத்து ஜனாஸாக்களுக்காகத் தலவிலவில் ஒரு மெழுகுதிரியும், பெப்ரவரி 15ஆம் திகதி சிலாபத்து மீனவருக்காக நம் பள்ளியில் ஒரு துஆவும், செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானுக்காக இரண்டு இடத்திலும் ஒரு நிமிட மௌனமும் இருந்தால் போதும். குரல் எழாத நிலையிலும் தன் ஊரல்லாத ஊருக்காகப் பேசிய ஒரு முதியவருக்கு இந்த மாவட்டம் ஐம்பது ஆண்டுகளாகக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை அவருக்குத் திருப்பித் தர முடியாது. அடுத்த முறை சூட்டுச் செய்தி வரும்போது, “ஆர் ஆக்கள்?” என்று கேட்குமுன் “ஆளுக்குப் பேர் என்ன?” என்று நம் வாடியில் ஒருவர் கேட்டால், அது அடையத் தொடங்கும்.